முதுகு ஊசிக்குப் பின் நடுக்கம்: போர்வையா, மருந்தா, எந்த மருந்து?

"டாக்டர், எனக்குப் பயமே இல்லை. ஆனா உடம்பு நிக்க மாட்டேங்குது."

சிசேரியன் மேசையில் படுத்திருந்த ஒரு தாய் என்னிடம் சொன்னது இது. வயிற்றுக்குக் கீழே அவருக்கு எந்த உணர்வும் இல்லை, வலியும் இல்லை. ஆனால் தாடை கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது, தோள்கள் உதறின. பி.பி. பட்டை மூன்று முறை ஊதியும் மானிட்டரில் எண் வரவில்லை. பிறந்த குழந்தையை அவர் நெஞ்சில் வைக்கச் செவிலியர் துணியோடு நின்றார். அந்த உதறலில் வைக்க முடியவில்லை. நான் பெத்திடின் என்ற அபின் வகை வலி மருந்தைக் கொடுத்தேன். சில நிமிடங்களில் நடுக்கம் நின்றது, கூடவே குமட்டல் வந்தது, வாந்தியும் வந்தது. அவர் குழந்தையைக் கையில் வாங்க இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று.

அந்த அரை மணி நேரம் எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது. ஊசி போடுவதற்கு முன் காத்திருப்பு அறையில் ஒரு கால் மணி நேரம் அவரைச் சூடாக வைத்திருந்தால் அது நடக்காமலே போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நான் அப்போது யோசித்ததெல்லாம் எந்த மருந்து என்பதைத்தான்.

ஸ்பைனல், அதாவது உடம்பின் கீழ்ப் பாதியை மரக்கச் செய்யும் முதுகு ஊசி, கொடுத்த நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் நடுக்கம் வருகிறது. அதைத் தடுக்க நம் கையில் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. மயக்கவியல் படிக்கும் மாணவர்களையும் ஆபரேஷன் தியேட்டர் செவிலியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஆபரேஷனுக்குப் போகப்போகிறவர் யாராவது படித்தால், மருந்து அளவுகளை விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள். உங்கள் மயக்க மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரியும்.

சூடு எங்கே போகிறது

எந்த வழி நல்லது என்று சொல்ல, நடுக்கம் ஏன் வருகிறது என்பதில் கொஞ்சம் நின்றாக வேண்டும். நாம் எல்லோரும் முதலில் குற்றம் சொல்வது ஏ.சி.யை. அதற்கும் பங்கு உண்டு, ஆனால் முதல் குற்றவாளி அது இல்லை.

சாதாரணமாக நம் உடம்பின் நடுப்பகுதி, அதாவது மார்பு, வயிறு, தலை, 37 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். கைகால்கள் அதைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குளிர்ந்திருக்கும். தோலுக்கு அருகிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கி நின்று, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைத்திருக்கின்றன. ஸ்பைனல் கொடுத்ததும் இடுப்புக்குக் கீழே அந்தப் பிடி விட்டுப்போகிறது. குழாய்கள் விரிகின்றன, நடுவில் இருந்த சூடான ரத்தம் குளிர்ந்த கால்களுக்குப் பாய்கிறது. உடம்பு இழந்த சூடு இதில் அதிகம் இல்லை. சூடு வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய்விட்டது. ஆனால் நடுப்பகுதியின் வெப்பநிலை முதல் ஒரு மணி நேரத்திலேயே அரை டிகிரி, சிலருக்கு ஒரு டிகிரிக்கும் மேல் இறங்கிவிடும்.

இரண்டாவது, மூளை ஏமாறுகிறது. கால்களிலிருந்து சதா போய்க்கொண்டிருக்கும் "குளிர்கிறது" என்ற செய்தி ஊசிக்குப் பிறகு நின்றுவிடுகிறது. செய்தி வராததைக் கால் சூடாக இருப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது. அதனால் நடுக்கத்தைத் தொடங்கும் வரம்பே சுமார் அரை டிகிரி கீழே இறங்குகிறது. மரப்பு எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவுக்கு இந்த இறக்கமும் கூடும். நோயாளி ஏற்கெனவே நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் உதறத் தொடங்குகிறார் என்று இதற்கு அர்த்தம். "இப்போ எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால் "கதகதப்பா இருக்கு" என்று சொன்னவர் பத்து நிமிடத்தில் நடுங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவது, மரத்துப்போன பாதி உடம்பால் நடுங்க முடியாது. மேல் பாதி மட்டும் நடுங்கி முழு உடம்புக்கும் சூடு உண்டாக்கப் பார்க்கிறது. அது போதவே போதாது. இதன் மேல்தான் குளிர்ந்த அறை, வயிற்றில் தடவும் ஈரமான கிருமிநாசினி, அறை வெப்பத்தில் ஓடும் டிரிப் எல்லாம் வந்து சேர்கின்றன.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிலர், குறிப்பாகப் பிரசவ மேசையில் இருப்பவர்கள், வெப்பநிலை சரியாக இருக்கும்போதே நடுங்குகிறார்கள். சூட்டோடு தொடர்பில்லாத நடுக்கமும் உண்டு. எல்லா நடுக்கத்தையும் போர்வையால் தடுத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை.

நடுங்கினால் என்ன, நடுங்கிவிட்டுப் போகட்டுமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். ஆரோக்கியமான இளைஞருக்கு அது பெரும்பாலும் அவதி மட்டும்தான். ஆனால் ஆக்சிஜன் தேவை இரு மடங்காகவும் அதற்கு மேலும் ஏறலாம். இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு, ரத்தசோகை உள்ளவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. கண்ணுக்குள்ளும் மண்டைக்குள்ளும் அழுத்தம் கூடும். இ.சி.ஜி.யும் ஆக்சிஜன் அளவும் படிக்க முடியாமல் போகும். நோயாளியைக் கேட்டால், வலியைவிட அந்த உதறலைத்தான் மோசமாக நினைவு வைத்திருப்பார்.

சூடுபடுத்தும் வழிகளில் எது எவ்வளவு

முதலில் எல்லோரும் செய்வது: ஒரு துணிப் போர்வை. சாதாரணப் போர்வை ஒன்று தோல் வழியாகப் போகும் சூட்டை சுமார் 30 சதவீதம் குறைக்கும். இரண்டாவது, மூன்றாவது போர்வைகள் அதன் மேல் சேர்ப்பது கொஞ்சம்தான். காரணம், வேலை செய்வது போர்வைக்கும் தோலுக்கும் நடுவில் நிற்கும் காற்றுப் படலம். நான்கு போர்வையைக் குவித்துவிட்டு நிறைவாக உட்காருவதைவிட, ஒரே போர்வையால் தோள், கை, தலை எல்லாம் மூடியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அடுத்தது சூடான காற்றை ஊதும் வார்மர். இங்கேதான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பல இடங்களில் இந்தக் கருவி இருந்தும் தவறான நேரத்தில் ஓடுகிறது. வழக்கமாக என்ன நடக்கிறது? ஸ்பைனல் போடுகிறோம், கத்தி வைக்கிறார்கள், நோயாளி உதறுகிறார், அப்போது "வார்மரைக் கொண்டு வாங்க" என்கிறோம். அதற்குள் சூடு கால்களுக்குப் போய்விட்டது. வெளியிலிருந்து ஊதும் காற்று நடுப்பகுதியை மீட்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். பல சிசேரியன்கள் அதற்குள் முடிந்தே போகும்.

அதே கருவியை ஊசிக்கு முன்பே 10 முதல் 30 நிமிடம் ஓட்டினால் கதை வேறு. கால்களும் கைகளும் ஏற்கெனவே சூடேறியிருக்கும். பிறகு குழாய்கள் விரிந்தாலும், நடுவுக்கும் காலுக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு என்பதால் பாய்வதற்குச் சூடு அதிகம் இல்லை. முன்கூட்டியே சூடேற்றுவது நடுப்பகுதியின் வெப்பநிலையைப் பெரிதாக உயர்த்துவதில்லை. கால்களை நிரப்பிவைக்கிறது, அவ்வளவுதான். காரணத்தின் மேலேயே கை வைக்கும் வழி இது ஒன்றுதான் என்பது என் கருத்து. மற்றவை எல்லாம் ஒன்று மேலும் குளிராமல் காக்கின்றன, அல்லது நடுக்கத்தை மட்டும் நிறுத்துகின்றன.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு, ஆபரேஷனில் உடல் குளிராமல் காப்பது பற்றி 2008இல் வெளியிட்டு 2016இல் திருத்திய வழிகாட்டுதல் ஸ்பைனலுக்கும் பொருந்தும். நோயாளி வார்டிலிருந்து கிளம்பும்போதே 36 டிகிரி அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். மயக்கம் 30 நிமிடத்தைத் தாண்டும் என்றால் காற்று வார்மர் வேண்டும். ஆபரேஷன் நடக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை வெப்பநிலை பார்க்க வேண்டும். நோயாளி மூடப்படாமல் இருக்கும்வரை அறை குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது அது. இதில் மிக அதிகமாகக் கைவிடப்படுவது வெப்பநிலை பார்ப்பதுதான். பொது மயக்கத்தில் உணவுக்குழாயில் சென்சார் வைக்கிறோம். விழித்திருக்கும் ஸ்பைனல் நோயாளிக்கு அது முடியாது என்பதால் எதுவுமே வைக்காமல் விட்டுவிடுகிறோம். வாயில் வைக்கும் தெர்மாமீட்டரே போதுமே! நெற்றிக்கு நேராகக் காட்டும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம்.

வார்மரின் குறைகளும் உண்டு. அவசர சிசேரியனில் கால் மணி நேரம் கிடைக்காது. முன்கூட்டியே சூடேற்றினால் சிலருக்கு வியர்க்கும், அப்போது சூட்டைக் குறைக்க வேண்டும். திட்டமிட்ட சிசேரியனில் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. வார்மரோடு சூடான திரவமும் சேர்ந்தால்தான் பலன் தெளிவாகத் தெரிகிறது.

அந்தச் சூடான திரவம் பற்றி. அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் திரவம் பெரியவர் ஒருவரின் உடல் வெப்பத்தைச் சராசரியாகக் கால் டிகிரி இறக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஒரு யூனிட் ரத்தமும் அப்படியே. சொட்டுச் சொட்டாக 300 மி.லி. மட்டும் போகப்போகிறது என்றால் இதைப் பற்றிக் கவலை வேண்டாம். மெதுவாக ஓடினால் சூடாக்கிய திரவமும் குழாயிலேயே ஆறிவிடும். ஆனால் பி.பி.யைக் காக்க சிசேரியனில் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்று வேகமாகத் திறந்துவிடுகிறோம். அங்கே திரவத்தைச் சூடாக்குவது உண்மையான வித்தியாசம் தரும். அரை லிட்டரோ அதற்கு மேலோ கொடுப்பதாக இருந்தால் 37 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும் என்பது மேலே சொன்ன வழிகாட்டுதலின் கணக்கு. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: சூடான திரவம் நோயாளியைச் சூடாக்காது. குளிரச் செய்யாமல் இருக்கும், அவ்வளவே.

முதுகுக்கடியில் விரிக்கும் மின் மெத்தைகள் எனக்கு இரண்டாம் பட்சம்தான். உடல் எடை அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு, அதனால் சூடு உள்ளே போவதும் குறைவு, தோல் வெந்துபோகும் ஆபத்து அதிகம்.

இந்த ஆபத்தைச் சற்று உரக்கவே சொல்கிறேன். மரத்துப்போன காலின் அருகில் வெந்நீர்ப் பையோ, வெந்நீர் நிரப்பிய பாட்டிலோ வைக்கவே கூடாது. வார்மரின் குழாயை அதற்கான போர்வையோடு இணைக்காமல் நேராகத் துணிக்குள் செருகுவதும் கூடாது. "சுடுது" என்று சொல்ல அந்தக் காலால் முடியாது. குளிரில் நடுங்கியவர் மறுநாள் கொப்புளத்தோடு கிடப்பதைப் போல வேதனை வேறில்லை.

வார்மரே இல்லாத இடங்களில்? காத்திருக்கும் நேரத்திலேயே நோயாளியைக் கழுத்து முதல் கால் வரை மூடிவைப்பது, சூடாக்கும் அலமாரியில் வைத்துச் சூடாக்கிய திரவம், ஆபரேஷன் நடக்கும் பகுதியைத் தவிர மற்றதைத் திறக்காமல் இருப்பது, தோலைத் துடைத்ததும் ஈரத்தை உலரவிடுவது, திரை விரிக்கும்வரை ஏ.சி.யின் வெப்பநிலையைக் கூட்டிவைப்பது. இவை செலவில்லாதவை. ஸ்பிரிட் கலந்த கிருமிநாசினியை மட்டும் சூடாக்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

மருந்துகள்

மருந்துகளை ஒப்பிடும் முன் ஒரு விஷயத்தில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நடுக்கத்தை மட்டும் தடுப்பதற்காக எல்லோருக்கும் முன்கூட்டியே மருந்து கொடுப்பதை நான் ஏற்கவில்லை. பாதிப் பேர் எப்படியும் நடுங்கப்போவதில்லை. அவர்களுக்குக் குமட்டலையும் மயக்கத்தையும் வீணாகக் கொடுக்கிறோம். அதைவிட முக்கியமானது: மருந்து நடுக்கத்தை நிறுத்தும், குளிர்ச்சியை நிறுத்தாது. நடுக்கம் என்ற எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டால், நோயாளி சத்தமில்லாமல் குளிர்ந்துகொண்டே போகலாம்.

அதனால் நான் முதலில் பார்ப்பது, வேறொரு காரணத்துக்காக எப்படியும் கொடுக்கப்போகும் மருந்துகளை. அவற்றில் இரண்டு நமக்கு இங்கே இலவசமாகக் கை கொடுக்கின்றன.

ஒன்று, ஸ்பைனல் சிரிஞ்சிலேயே புப்பிவக்கெய்ன் என்ற மரப்பு மருந்தோடு சேர்க்கும் ஃபென்டனில், 10 முதல் 25 மைக்ரோகிராம். வலியைத் தடுப்பதற்காகச் சேர்க்கிறோம், நடுக்கமும் குறைகிறது. விலை, அரிப்பு. பெரும்பாலும் தாங்கக்கூடிய அரிப்பு. இதே சிரிஞ்சில் மார்ஃபின் சேர்த்தால் கதை சற்றுச் சிக்கல். மார்ஃபினும் நடுக்கத்தை அடக்கும், ஆனால் உடல் வெப்பம் கூடுதலாக இறங்கி, மீண்டு வர நெடுநேரம் ஆகலாம். ரெக்கவரி அறையில் நடுங்காமல், சில சமயம் வியர்த்துக்கொண்டே குளிர்ந்திருக்கும் தாய்மாரைப் பார்க்கிறோமே, அவர்களில் சிலர் இவர்கள். நடுக்கம் இல்லை என்பதால் யாரும் தெர்மாமீட்டரைத் தேடுவதில்லை.

இன்னொன்று, ஒன்டான்செட்ரான். 4 முதல் 8 மி.கி., ஊசிக்குச் சற்று முன். வாந்திக்காகக் கொடுக்கிறோம், ஸ்பைனலுக்குப் பின் பி.பி. இறங்குவதும் ஓரளவு குறைகிறது; நடுக்கமும் குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. தூக்கம் வராது, மூச்சைத் தொடாது. சிசேரியனில் மட்டும் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை, பலனே காணாத ஆய்வும் உண்டு. இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி என்ற அளவு நீண்டவர்களுக்குக் கூடாது. ஆனாலும் தடுப்புக்கு ஒரே ஒரு மருந்தைத் தேர்ந்தெடு என்று என்னைக் கேட்டால் இதைத்தான் எடுப்பேன். மற்றவற்றைவிட வலிமையானது என்பதால் இல்லை. பலன் தராமல் போனாலும் நோயாளிக்கு நான் கெடுதல் எதுவும் செய்திருக்க மாட்டேன் என்பதால்.

அப்புறம்தான் பெத்திடினும் டிராமடாலும். இரண்டும் நடுக்கம் வந்த பின் நிறுத்துவதில் வல்லவை. தடுப்பாகவும் வேலை செய்யும், ஆனால் அதற்கு நான் பயன்படுத்துவதில்லை. பெத்திடின் மற்ற ஓபியாய்டுகளை, அதாவது மற்ற அபின் வகை மருந்துகளைப் போல் அல்ல; ரத்தக் குழாய் சுருங்கும் வரம்பைவிட நடுங்கும் வரம்பை ஏறக்குறைய இரு மடங்கு இறக்குகிறது. மருந்து பற்றிக்கொள்ளும் கப்பா ஏற்பியும் ஆல்ஃபா-2 ஏற்பியும் இதில் பங்கு வகிக்கின்றன. பெரியவருக்கு 12.5 முதல் 25 மி.கி. போதும். குமட்டல், தூக்கம், மூச்சு மந்தம் ஆகியவை அதன் குறைகள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, அது உடைந்து உண்டாகும் நார்பெத்திடின் உடம்பில் தேங்கும். மனச்சோர்வுக்கு எம்.ஏ.ஓ. (MAO) தடுப்பு வகை மருந்து சாப்பிடுபவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. பெத்திடினைத் தண்டுவட ஊசியிலேயே சேர்ப்பவர்கள் உண்டு. நடுக்கம் குறையும், வாந்தி கூடும். எனக்கு அந்தப் பேரம் பிடிக்கவில்லை.

டிராமடால், கிலோவுக்கு அரை முதல் 1 மி.கி., மெதுவாக. பல ஒப்பீடுகளில் இது பெத்திடினுக்குச் சமமாகவோ சற்று வேகமாகவோ நடுக்கத்தை நிறுத்தியிருக்கிறது, தூக்கமும் மூச்சு மந்தமும் குறைவு. குமட்டலில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு டிராமடால் வேண்டாம். மனச்சோர்வுக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை எடுப்பவர்களிடம் செரடோனின் மிகுந்துபோகும் ஆபத்து உண்டு. பெத்திடினுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். டிராமடால் எடுக்கும்போது தாய்ப்பால் கொடுப்பது வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் சொன்னது. ஒரே ஒரு டோஸுக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. நான் சிசேரியனில் பெத்திடினைச் சிறிய அளவில் ஒருமுறை கொடுப்பதையே விரும்புகிறேன், திரும்பத் திரும்பக் கொடுப்பதில்லை. ஒன்டான்செட்ரான் கொடுத்த பிறகு டிராமடாலின் வலி நிவாரணம் மங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

டெக்ஸ்மெடிடோமிடின் என்ற தூக்க மருந்து இன்று எல்லோருக்கும் பிடித்த பெயர். நியாயமும் இருக்கிறது. கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், பத்து நிமிடத்தில் மெதுவாகக் கொடுத்தால் நடுக்கம் நன்றாகத் தடுக்கப்படுகிறது, நோயாளி அமைதியாகத் தூங்குகிறார், கூப்பிட்டால் விழிக்கிறார், மூச்சு கெடுவதில்லை, குமட்டலும் குறைவு. ஆனால் ஸ்பைனலே பி.பி.யையும் நாடித்துடிப்பையும் இறக்கும். அதன் மேல் இதையும் ஏற்றுகிறோம். நாடி 45க்கு இறங்கி அட்ரோபின் தேடி ஓடிய அனுபவம் இல்லாதவர் குறைவாகத்தான் இருப்பார்கள். வேகமாகத் தள்ளக் கூடாது, இதய மின்தடை (ஹார்ட் பிளாக்) உள்ளவர்களுக்குக் கூடாது, ரத்தம் இழந்து பி.பி. தாழ்ந்திருப்பவர்களுக்குக் கூடாது.

மயக்க மருந்தான கீட்டமின் இதற்கு நேர் எதிர்த் திசை. கிலோவுக்கு 0.25 மி.கி. அளவில் நடுக்கத்தைத் தடுக்கிறது, பி.பி.யைத் தாங்கிப் பிடிக்கிறது. குழாய்களைச் சுருங்க வைப்பதால் சூடு கால்களுக்குப் போவதும் கொஞ்சம் குறையலாம். அளவை 0.5க்கு ஏற்றினால் கண் ஆடுவது, மிதப்பது போன்ற உணர்வு, சிலருக்குப் பயமுறுத்தும் காட்சிகள். பிறந்த குழந்தையின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கும் தாய்க்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. ரத்தப்போக்கோடு வந்த எலும்பு முறிவு நோயாளிக்கு, ஆம், யோசிக்காமல் எடுப்பேன்.

மெக்னீசியம் ஓரளவு உதவும், பி.பி.யை இறக்கும், மரப்பை நீட்டும். டெக்சாமெத்தசோன் வாந்திக்காகக் கொடுத்தால் நடுக்கமும் கொஞ்சம் குறையலாம். விழித்திருப்பவருக்கு வேகமாகத் தள்ளினால் பிறப்புறுப்புப் பகுதியில் தாங்க முடியாத எரிச்சல் வரும், அதை மறக்காதீர்கள். டெக்ஸ்மெடிடோமிடினின் குடும்பத்தைச் சேர்ந்த குளோனிடினும் வேலை செய்யும், ஆனால் டெக்ஸ்மெடிடோமிடின் கிடைக்கும் இடத்தில் அதற்குத் தேவை குறைந்துவிட்டது. வலி நிவாரணியான நெஃபோபாம் நல்ல மருந்து, எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை.

யாருக்கு எது

திட்டமிட்ட சிசேரியன்: 15 நிமிட முன்சூடு, சூடான திரவம், சிரிஞ்சில் ஃபென்டனில், வாந்திக்காக எப்படியும் கொடுக்கும் ஒன்டான்செட்ரான். பிறகும் நடுங்கினால், தொப்புள்கொடி வெட்டிய பின் பெத்திடின் சிறிய அளவு. கர்ப்பகால ரத்தக்கொதிப்பால் வலிப்பு வரலாம் என்று மெக்னீசியம் ஓடிக்கொண்டிருக்கும் தாய்க்கு, பி.பி. ஏற்கெனவே உயர்ந்திருப்பதால் கீட்டமின் பக்கமே போவதில்லை; மெக்னீசியத்தோடு சேரும்போது மற்ற தூக்க மருந்துகளின் மயக்கமும் கூடும்.

புரோஸ்டேட் ஆபரேஷனுக்கு வரும் முதியவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். இங்கே ஆபரேஷன் செய்யும் இடத்தைக் கழுவ லிட்டர் லிட்டராகத் திரவம் உள்ளே போய் வருகிறது. அதைச் சூடாக்காமல் விட்டால் மேலே போர்த்தியது எல்லாம் வீண். உடல் வெப்பத்துக்குச் சூடாக்கிய கழுவுநீர்தான் இவருக்கு முதல் மருந்து. இரண்டாவது, வயது ஏற ஏற நடுங்கும் வரம்பே தாழ்ந்துவிடுகிறது. எண்பது வயதுக்காரர் 35 டிகிரியில் அமைதியாகப் படுத்திருக்கலாம். அவர் நடுங்கவில்லை என்பது நமக்கு எந்த உறுதியும் தராது. மூன்றாவது, கழுவுநீர் ரத்தத்தில் கலந்து சோடியம் இறங்கினால், முதல் அறிகுறி அவருடைய பேச்சிலும் தெளிவிலும்தான் தெரியும். அதற்காகத்தானே இவருக்கு ஸ்பைனலையே தேர்ந்தெடுத்தோம்? டெக்ஸ்மெடிடோமிடினோ கீட்டமினோ கொடுத்து அந்த ஜன்னலை நாமே மூடிவிடக் கூடாது. பெத்திடினும் முதியவர்களுக்குக் குழப்ப நிலையைக் கொண்டுவரும். ஆக, இவருக்கு மருந்துத் தடுப்பு கிட்டத்தட்ட இல்லை, சூடு மட்டுமே. இடுப்பு எலும்பு முறிந்து வரும் பாட்டிகளுக்கும் இதே வாதம்தான்.

இதயக் குழாய் அடைப்பு உள்ளவருக்கு நடுக்கம் வந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க முடியாது. முன்சூடு கட்டாயம். அதன் மேல் தடுப்பு மருந்து கொடுக்க நான் ஒப்புக்கொள்ளும் சிலரில் இவர் ஒருவர். நாடியும் பி.பி.யும் இடம் கொடுத்தால் டெக்ஸ்மெடிடோமிடின், குறைந்த அளவில், மெதுவாக. கீட்டமின் வேண்டாம்.

போன ஆபரேஷனில் பயங்கரமாக உதறினேன் என்று சொல்லும் நோயாளிக்கும் தடுப்பு மருந்து பற்றி யோசிப்பேன். மூட்டு உள்நோக்கிக்கு வரும் இருபது வயது விளையாட்டு வீரருக்கு ஒரு போர்வை, சூடான கழுவுநீர், ஒரு நல்ல பேச்சு. அது போதும்.

குளிர்ச்சியைக் கண்டே அளவுக்கு மீறிப் பயப்பட வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொது மயக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 35.5 டிகிரியிலும் 37 டிகிரியிலும் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2022இல் வந்தது. இதயப் பாதிப்பில் வித்தியாசம் தெரியவில்லை. எனவே 36.8ஆ 36.3ஆ என்று சண்டை போட வேண்டாம். ஆனால் 35.5க்குக் கீழே போனவரை யாரும் அளக்காமலே விட்டுவிடுகிறார்களே, என் கவலை அவரைப் பற்றியது. விழித்திருக்கும் நோயாளியின் சௌகரியம் என்பது எந்த ஆய்வின் முடிவையும் எதிர்பார்க்கத் தேவையில்லாத காரணம்.

இவ்வளவுக்குப் பிறகும் நடுங்கினால்

மருந்தை எடுக்கும் முன், இது ஸ்பைனலால் வந்த நடுக்கம்தானா என்று ஒரு கணம் நில்லுங்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறோமா? காய்ச்சலும் கிருமித் தொற்றும் இருந்தவரா? சர்க்கரை இறங்கியிருக்கிறதா? எபிடியூரலிலோ நரம்பு பிளாக்கிலோ அதிக அளவு மரப்பு மருந்து போனதா? இவற்றில் எதுவாக இருந்தாலும் பெத்திடின் அதை மறைத்துவிடும்.

சரி, அதுதான் என்று தெரிந்தால், தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டே வார்மரை மார்புக்கும் தோளுக்கும் கொண்டு வாருங்கள். நடுக்கத்தைத் தீர்மானிப்பதில் தோலின் வெப்பத்துக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உண்டு. உணர்வுள்ள மேல் பாதித் தோல் சூடானால், உள்ளே இன்னும் குளிர்ந்திருக்கும்போதே சிலருக்கு நடுக்கம் அடங்கும். முகத்தில் படும் சூடு குறிப்பாக இதமாக இருக்கும். கிராஸ்லியும் மகாஜனும் வகுத்த 0 முதல் 4 வரையிலான அளவுகோலில் ஒரே தசைக் கூட்டம் மட்டும் துடிப்பது 2. பல தசைகள் உதறினாலும் உடம்பு முழுக்க ஆடாதிருப்பது 3. முழு உடம்பும் ஆடுவது 4. நடுக்கம் 3க்குப் போனால்தான் நான் மருந்தைக் கையில் எடுக்கிறேன். இதய நோயாளி என்றால் 2லேயே.

மருந்து கொடுத்து நடுக்கம் நின்றதும் எல்லோரும் வார்மரை அணைத்துவிடுகிறார்கள். அப்போதுதான் அணைக்கக் கூடாது. அதுவரை தசைகள் உண்டாக்கிக்கொண்டிருந்த சூட்டை நாம்தான் நிறுத்தியிருக்கிறோம். வார்மரும் போனால் வெப்பநிலை முன்பைவிட வேகமாக இறங்கும். ரெக்கவரியிலும் போர்வை தொடர வேண்டும். 36ஐத் தொடும்வரை கால் மணிக்கு ஒருமுறை அளந்து, பி.பி. எழுதும் அதே தாளில் பக்கத்துக் கட்டத்தில் எழுதச் சொல்கிறேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் நோயாளியை வார்டுக்கு அனுப்ப நான் கையெழுத்துப் போடுவதில்லை.